பால்வெட்டுக்காரிக்கு ரப்பர் ஆகாது

எங்கள் தோட்டத்துக்குப் புதிதாக வரும் துரைமாருக்கு மலை காட்டப் போகும் கங்காணி, முதலில் அம்மாவின் நம்பருக்குத்தான் கூட்டிப்போவார். ஒரு பால்வெட்டுக்காரிக்கென்று ஒதுக்கிய ரப்பர் மரங்களை நாங்கள் நம்பர் என்போம். யட்டியாந்தோட்டையிலிருந்து கித்துல்கல போகும் பாதையில் பஸ்ஸை விட்டு இறங்கி மேலே ஏறினால், எது அம்மாவின் நம்பர் என்று யாரும் சொல்லாமலே தெரியும். எல்லா மரத்திலும் வெட்டு ஒரே சரிவில் இறங்கும். கத்தி ஆழமாகப் போய்க் கட்டையைத் தொட்ட காயம் ஒன்றும் இருக்காது. காயம்பட்ட மரம் அந்த இடத்தில் முண்டும் முடிச்சுமாகப் புடைத்துவிடும்; பிறகு அங்கே கத்தி வைக்க முடியாது.

“கைய வச்சுப் பாருங்க சேர், கொழந்தப்புள்ள முதுகு மாதிரி இருக்கும்” என்று கங்காணி பட்டையைத் தடவிக் காட்டுவார். அம்மா காது கேளாதவர் போல அடுத்த மரத்துக்குப் போய்விடுவார். அன்று சாயந்தரம் வரிசைவீடான எங்கள் லயத்துக் காம்பராவில் அந்தக் கதை மூன்று தரமாவது ஓடும்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. அம்மாவின் உடம்பு ரப்பரை எதிரியாக எடுத்துக்கொண்ட கதையை எழுதப்போகிறேன். அவருக்கு அந்த மரங்கள் எவ்வளவு பெருமை என்று தெரியாவிட்டால், அதில் பாதி விளங்காது.

மலையில் ஒரு கைமருத்துவம் இருந்தது. கத்தி விரலில் பட்டாலோ, அட்டை கடித்த இடத்தில் இரத்தம் நிற்காவிட்டாலோ, சிரட்டையில் வடிந்திருக்கும் பாலில் ஒரு சொட்டைத் தொட்டுக் காயத்தின்மேல் வைப்பார்கள். ஊதிவிட்டால் கொஞ்ச நேரத்தில் காய்ந்து, மெல்லிய தோலாக ஒட்டிக்கொள்ளும். மழையில் கழலாது, வேலைக்கு இடைஞ்சல் இல்லை. அம்மாவின் இடது கை விரல்களில் எப்போதும் அப்படி இரண்டு மூன்று ஒட்டு இருக்கும். லீவு நாட்களில் பால் சேர்க்க உதவிக்குப் போகும் எனக்கும் முழங்காலில் வைத்துவிட்டிருக்கிறார். ஆறிய பிறகு அதை ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தெடுப்பது எனக்குப் பிடித்த விளையாட்டு.

தொண்ணூறுகளின் நடுவில் அம்மா வாழைப்பழம் சாப்பிடுவதை நிறுத்தினார். தொண்டை அரிக்கிறது என்றார். பிறகு அவகாடோ என்கிற ஆனைக்கொய்யாவையும் விட்டார். பழம் ஆகாதவர்கள் எல்லா லயத்திலும் உண்டு. யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அடுத்தது பலூன். எங்கள் பக்கம் தமிழில் விஞ்ஞானம் படிக்க வழியில்லாததால் நான் ஹட்டனில் உறவுக்காரர் வீட்டில் தங்கி உயர்தரம் படித்தேன். பரீட்சை முடிவு வந்து, எங்கள் லயத்தில் விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்த முதல் ஆள் நான் என்று தெரிந்ததும், அப்பா பஜாரில் இனிப்போடு ஒரு பைக்கற் பலூனும் வாங்கி வந்தார். அப்பா ரப்பர் ஸ்டோரில் பாலை உறையவைத்து ஷீட் அடிக்கிறவர். தனக்கு மூச்சுப் போதவில்லை என்று ஊதும் வேலையை அம்மாவிடம் கொடுத்தார். நாலைந்து பலூன் ஊதுவதற்குள் அம்மாவின் இரண்டு உதடும் வீங்கிவிட்டன. பார்க்க வந்த பக்கத்துக் காம்பரா அத்தை வாசலிலேயே நின்று கூவினார்.

“ஏய், எல்லாரும் வந்து பாருங்க! மக பாஸ் பண்ணுன பவுசுல அம்மாக்காரிக்கு இப்பவே வாய் வீங்கிருச்சு!”

அம்மாவால் திருப்பிப் பேச முடியவில்லை. பேச முயன்றபோது வந்த சத்தத்துக்கு லயமே சிரித்தது. அவரும் சிரித்தார்.

மூன்றாவது தரம் யாரும் சிரிக்கவில்லை. நான் கொழும்பில் ஆய்வுகூடத் தொழில்நுட்பப் பயிற்சியில் இருந்தபோது, அம்மா பல் பிடுங்கப் போனார். விறைப்பு ஊசி போட்டுப் பல்லை எடுத்துக்கொண்டிருக்கும்போதே முகம் வீங்கி, மூச்சு இழுத்து, கதிரையிலேயே மயங்கிவிட்டார். நல்ல வேளையாக மருந்து கொடுத்துத் தேற்றிவிட்டார்கள். ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், பெயர் கேட்பதற்கு முன்பே அம்மா சொல்வது, “எனக்கு வெறைப்பூசி ஆகாதுங்க.”

எனக்கு வேலை கிடைத்த சில வருடங்களில் அம்மாவுக்கு இரத்தப்போக்கு அதிகமானது. கர்ப்பப்பையில் கட்டி, எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன் என்று முடிவானது. அதற்கு முன் இரத்தம் பார்க்க வேண்டும். அம்மாவை ஆய்வுகூடத்துக்குக் கூட்டிவந்து கதிரையில் உட்காரவைத்தேன். கையுறையை மாட்டிக்கொண்டு, மேற்கையில் ரப்பர் குழாயை இறுக்கிக் கட்டி, நாளத்தைத் தடவிப் பார்த்துக் குத்தினேன்.

“குத்தறதுக்கு முன்னாடி சொல்லு பாப்பா.”

“குத்தியாச்சும்மா.”

“அட! தெரியவே இல்லையே.” குப்பியில் இரத்தம் ஏறுவதைக் குனிந்து பார்த்தார். “கட்டையில படாம வெட்டுற கை. எங்கேருந்து வந்துச்சு அந்தக் கை?”

“உங்ககிட்டேருந்துதான்.”

“அதச் சொல்லு மொதல்ல.”

குழாயை அவிழ்த்தேன். அது கட்டியிருந்த இடத்தில், வளையல் போட்டதுபோல ஒரு சிவந்த தடிப்பு எழும்பிக்கொண்டிருந்தது. முழங்கைக்குக் கீழே, நான் பிடித்திருந்த இடத்தில், என் விரல்களின் அடையாளம் அதே சிவப்பில் தடித்திருந்தது. அம்மா சொறியத் தொடங்கினார். ஊசி போன இடத்தில் ஒன்றுமில்லை.

எனக்கு எதையும் வரிசையில் நிறுத்திப் பார்த்தால்தான் விளங்கும். குழாய், ரப்பர். கையுறை, ரப்பர். பலூன், ரப்பர். பல் எடுத்தவரின் விரல்கள் அம்மாவின் வாய்க்குள் இருந்தன, அவற்றிலும் கையுறை. ஊசிக்கு இத்தனை நாள் வீண் பழி. நான் என் கையுறையைக் கழற்றி மேசைக்கு அப்பால் வைத்தேன். ஊசி ஆகாது என்று நம்பி வேறு மயக்க மருந்து கொடுத்துவிட்டு, அதே கையுறை போட்ட கைகளை அம்மாவின் வயிற்றுக்குள் விடப்போகிறார்கள்.

எங்களுக்கு வகுப்பெடுத்தவர்கள் நிர்ப்பீடனத்தை, அதாவது உடம்பின் நோயெதிர்ப்பை, ஒரு படை என்றார்கள். நான் அதை எங்கள் தோட்டத்துக் காவல்காரரான வாச்சரை வைத்து விளங்கிக்கொண்டிருந்தேன். புது முகம் ஒன்று மலைக்குள் வந்தால், யார் எவர் என்று விசாரிக்க வாச்சருக்கு முதல் தரம் நாளெடுக்கும். ஆனால் முகத்தை மறக்கமாட்டார். அடுத்த தரம் அதே ஆள் வேலியோரம் தலை காட்டினாலே விசில் கிளம்பிவிடும். இரத்தத்தின் வெள்ளை அணுக்களான வெண்குழியங்களில் சிலவும் அப்படித்தான். ஒரு கிருமியை எதிர்த்து ஒட்டிக்கொள்ளும் புரதத்தை, அதாவது பிறபொருளெதிரியை, ஒரு தரம் செய்து பழகிவிட்டால் அந்தப் பழக்கத்தை வருடக்கணக்கில் காப்பாற்றி வைத்திருக்கும். சின்னமுத்து அம்மை வந்தவருக்கு மறுபடி வராததும், தடுப்பூசி பலிப்பதும் அந்த ஞாபகத்தால்தான்.

தினமும் ரொட்டி விற்க வரும் பாண்காரரைப் பார்த்து வாச்சர் விசில் ஊதினால்தான் வில்லங்கம். ரப்பர் பாலில் உள்ள புரதம் யாருக்கும் நோய் தராது. ஆனால் அம்மாவின் உடம்புக்குள் அது வெட்டுக்காயம் வழியாக, வரக்கூடாத வாசலால், திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. அதைக் கண்ட வெண்குழியங்கள், குடற்புழு போன்றவற்றை விரட்டவென்று இருக்கும் ஒரு வகைப் பிறபொருளெதிரியை அதற்கு எதிராகச் செய்து வைத்துவிட்டன. அந்த வகை, தோலுக்கும் மூக்குக்கும் குடலுக்கும் அடியில் காவலிருக்கும் குழியங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்தக் குழியங்களுக்குள் ஹிஸ்டமின் பொட்டலம் பொட்டலமாக இருக்கிறது. ரப்பர் புரதம் மறுபடி வந்து தொட்டதும் பொட்டலங்கள் அவிழும். தோலில் அவிழ்ந்தால் தடிப்போடு போய்விடும். உடம்பு முழுக்க அவிழ்ந்தால் இரத்த அழுத்தம் விழுந்து மூச்சுக்குழல் இறுகும்.

விரலில் வைத்த பால்தான் தொடக்கம் என்று நிரூபிக்க என்னிடம் வழியில்லை. என் முழங்காலிலும் அதே பாலைத்தான் வைத்தார்கள். எனக்கு இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை. ஏன் அம்மாவுக்கு மட்டும் என்ற கேள்விக்கு யாரிடமும் முழு விடை இல்லை. ஆனால் பழத்துக்கு விடை கிடைத்தது. ரப்பர் பால் மரத்தின் சாப்பாடு இல்லை. பட்டையில் பட்ட காயத்தை அடைக்கவும், அதன் வழியாகப் பூஞ்சணம் நுழையாமல் தடுக்கவும் மரம் வைத்திருக்கும் காவல் அது. அந்தக் காவல் புரதங்களில் சிலவற்றைத்தான் அம்மாவின் உடம்பு எதிரி என்று எழுதி வைத்திருந்தது. வாழைப்பழத்திலும் ஆனைக்கொய்யாவிலும் அதே குடும்பத்துப் புரதம் இருக்கிறது. மரத்தின் வாச்சரும் அம்மாவின் வாச்சரும், திருடன் யாருமே இல்லாத மலையில் ஒருவரோடொருவர் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள்.

இதை அம்மாவுக்குச் சொல்வது புத்தகத்தில் படிப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. அந்த வாரம் வீட்டுக்குப் போனபோது, சாப்பாடு முடிந்ததும் தொடங்கினேன்.

“அம்மா, பல்லு புடுங்கப் போய் மயங்குனீங்களே, அது ஊசியால இல்ல. டொக்டர் கையில போட்டிருந்த ரப்பர் உறையால.”

அம்மா என்னைப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். “கேட்டீங்களா? மீனுக்குத் தண்ணி ஆகாதாம்.”

“வெட்டுறப்ப கை அரிக்குதா இல்லியா? உண்மையச் சொல்லுங்க.”

“மழக்காலத்துல எல்லாருக்குந்தான் அரிக்கும்.”

“எனக்கு அரிக்கலயே” என்றார் அப்பா.

“நீங்க கையக் கழுவுனாத்தான அரிக்கறதுக்கு.”

அப்பா வெற்றிலைச் செல்லத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மாவின் குரல் இறங்கியது.

“இங்க பாரு பாப்பா. நீ சொல்றது மெய்யாவே இருக்கட்டும். ஆஸ்பத்திரியில சீட்டுல எழுதுவாங்க. அந்தச் சீட்டு தோட்டத்துக்கு வரும். அப்புறம் என்னயப் புல்லு வெட்டப் போட்டுட்டு என் நம்பர யாருக்காச்சும் குடுத்துருவாங்க. வாரவ மரத்தக் கொத்திப் போடுவா. அத நான் கண்ணால பாக்கணுமா? பால்வெட்டுக்காரிக்கு ரப்பர் ஆகாதுன்னா மலையே சிரிக்கும்.”

“ஆபரேஷன் மேசையில மூச்சு நின்னா மட்டும் சிரிக்கமாட்டாங்களா?”

“அதெல்லாம் நிக்காது. ஊசி ஆகாதுன்னு சொல்லியாச்சுல்ல.”

அவருடைய பெருமைதான் அவரைக் கொல்லப் பார்த்தது. அந்தப் பெருமையை உடைத்து அவரைக் காப்பாற்ற எனக்கு மனமில்லை.

மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் ஒரு சிங்களப் பெண், அளந்து பேசுகிறவர். அவரிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன்.

“உங்க அம்மா ரப்பர் வெட்டுறவங்கதானே?” என்றார்.

“ஆமா மெடம்.”

“இத்தனை வருஷமா அதைத் தொட்டுக்கிட்டே இருக்கிறவங்களுக்கா?”

“இத்தனை வருஷமா தொட்டதனாலதான் மெடம்.” விரல் வெட்டுகளில் பால் வைக்கும் வழக்கத்தைச் சொன்னேன். அவர் பேனாவை மூடினார்.

“அம்மாவக் கூட்டி வாங்க. பார்த்திடுவோம்.”

அம்மா வந்தார். கேட்கும் முன்னமே சிங்களத்தில் தொடங்கினார்: “டொக்டர் நோனா, எனக்கு வெறைப்பூசி மட்டுந்தான் ஆகாது. வேற ஒரு கொறையும் இல்ல.”

“உங்க மகள் வேற மாதிரி சொல்றாங்களே, அம்மே.”

“அவ படிச்ச புள்ள நோனா. எதையாவது கண்டுபுடிச்சாத்தான் தூக்கம் வரும்.”

டொக்டர் சிரிக்காமல் ஒரு கையுறையின் ஒற்றை விரலை மட்டும் கத்தரித்து எடுத்தார். நிலைமை மோசமானால் போட எட்ரினலின் ஊசியை ஏற்றித் தட்டில் தயாராக வைத்தார். அம்மாவின் சுட்டுவிரலை நனைத்து, அந்தத் துண்டை மாட்டிவிட்டார். சும்மா இருக்க முடியாத அம்மா, டொக்டருக்கு எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தார். இரண்டாவது பிள்ளையின் பள்ளிக்கூடம் வரை வந்தபோது பேச்சு நின்றது. அம்மா தும்மினார். விரலை மேசை விளிம்பில் தேய்க்கத் தொடங்கினார். டொக்டர் உறையைக் கழற்றியபோது விரல் அடிவரை சிவந்து, கொப்புளம் கொப்புளமாகத் தடித்திருந்தது. பக்கத்து விரல் சாதாரணமாக இருந்தது.

டொக்டர் விரலைக் கழுவி மருந்து கொடுத்தார். அம்மா அந்த விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை.

“நோனா,” என்றார் கடைசியில். “இந்த உறை எந்த ஊர்ப் பாலுல செஞ்சது?”

டொக்டர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். “மலேசியான்னு போட்டிருக்கு.”

“அதானே பாத்தேன்!” அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “எங்க மலைப் பாலு இப்பிடிச் செய்யாதே.”

எந்த மலையில் வெட்டினாலும் புரதம் ஒன்றுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். டொக்டர் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தார். ஆபரேஷன் வரைக்கும் அம்மாவுக்கு மலேசியாவோடு மட்டும் சண்டை இருந்தால் போதும்.

பிறகு என் வேலை. ஆபரேஷன் அறையில் ரப்பர் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தாதியோடு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கையுறை, கை கட்டும் குழாய், சிறுநீர்க் குழாய், மூச்சுக் கொடுக்கும் பை, முகமூடியின் விளிம்பு, மருந்துக் குப்பிகளின் மூடி. மாற்றக்கூடியதை மாற்றினோம், மாற்ற முடியாததைத் துணியால் சுற்றி மறைத்தோம். மரத்துப் பால் சேராத செயற்கைக் கையுறை எங்களிடம் இருக்கவில்லை. கொழும்பில் மருத்துவப் பொருள் விற்கும் கடையொன்றில் இருப்பதாக டொக்டர் விசாரித்துச் சொன்னார். நானே போய் வாங்கிவந்தேன். அது யுத்தகாலம்; திரும்பும்போது சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய், என் மடியில் அணைத்துப் பிடித்திருந்த பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

“இது எதற்கு?”

“அம்மாவின் ஆபரேஷனுக்கு. அம்மாவுக்கு ரப்பர் ஆகாது.”

“அம்மா என்ன வேலை?”

“ரப்பர் வெட்டுறாங்க.”

அவர் என்னையும் கையுறையையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பொய் சொல்வதானால் இதைவிட நல்ல பொய் சொல்லியிருப்பேன் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். போகச் சொல்லிவிட்டார்.

கையுறைகளுக்குள் தூவியிருக்கும் மாவோடு ரப்பர் புரதம் காற்றில் பறக்கும் என்பதால், காலையில் கழுவித் துடைத்த அறையில், அன்றைய முதல் ஆளாக அம்மாவை எடுப்பது என்று டொக்டர் முடிவு செய்தார். ரப்பர் ஆகாது என்று சிங்களத்திலும் தமிழிலும் ஒரு அட்டையில் பெரிதாக எழுதிக் கட்டில் தலைமாட்டில் தொங்கவிட்டேன். அம்மாவுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. எந்த வரி எது என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். வார்டில் பக்கத்துத் தோட்டங்களின் பெண்களும் இருந்ததால், அந்த அட்டையைச் சேலைத் தலைப்பால் பாதி மூடி வைத்திருந்தார்.

ஆபரேஷன் அன்று காலை நான் வார்டு வாசலில் நின்றேன். அம்மாவைத் தயார்படுத்த ஒரு புது உதவியாள் பெண் உள்ளே போனாள். அவசரத்தில் அட்டையைப் பார்க்கவில்லை. கையுறையை இழுத்து மாட்டும் சத்தம் எனக்குக் கேட்டது. நான் ஓடினேன். எனக்கு முன்னால், சிங்களத்தில் தங்கை என்று அழைக்கும் அம்மாவின் குரல் வார்டு முழுக்கக் கேட்டது, மலையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கூப்பிடும் குரல்.

“நங்கி, நில்லுங்க! அந்த உறையக் கழட்டுங்க. எனக்கு ரப்பர் ஆகாது.” சேலைத் தலைப்பை இழுத்து அட்டையைக் காட்டினார். “இந்தா, இந்த வரியப் படிங்க. நான் பால் வெட்டுற பொம்பள. ரப்பரப் பத்தி எனக்குத் தெரியும்.”

அந்தப் பெண் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். எதிர்க்கட்டில் பெண் தமிழில் கேட்டாள்: “என்னாக்கா, பால் வெட்டுறவங்களுக்கு ரப்பர் ஆகாதா?”

“ஆகாது” என்றார் அம்மா. “அதுக்கென்ன இப்ப?”

யாரும் சிரிக்கவில்லை. நான் பாதி வழியிலேயே நின்றுவிட்டேன். பரீட்சை முடிவு வந்த அன்றுகூட எனக்கு நெஞ்சு அப்படி நிறைந்ததில்லை.

மத்தியானம் டொக்டர் ஆய்வுகூடத்துக்கே வந்து, எதுவும் ஆகவில்லை, ஒரு தடிப்புக்கூட இல்லை என்றார். நான் நன்றி சொல்லிவிட்டு, கையிலிருந்த சிலைடை நுணுக்குக்காட்டியில் வைத்தேன். கொஞ்ச நேரம் அதில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது தெரிந்தது.

சீட்டு தோட்டத்துக்குப் போகத்தான் செய்தது. அம்மா பயந்ததும் நடந்தது, நம்பர் கைமாறியது. ஆனால் புல் வெட்டப் போடவில்லை. பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், போட்டார்கள். அங்கே பலூனுக்குத் தடை. விழுந்து முழங்காலைச் சிராய்த்த பிள்ளைக்கு ரப்பர் பால் சொட்டோடு ஓடி வந்த ஒரு தாயை அம்மா வாசலில் மறித்துத் தண்ணீரும் பஞ்சும் எடுத்ததை நானே பார்த்தேன். காலையில் அவர் சுற்றுவழியாக, தன் பழைய நம்பர் வழியாகத்தான் வேலைக்குப் போகிறார். மரத்தைத் தொடுவதில்லை. கிட்டப் போய்ப் பட்டையைப் பார்த்துவிட்டு, “பரவாயில்ல, கத்தி கொஞ்சம் தூக்கிப் புடிக்கணும்” என்று புதியவளிடம் சொல்லிவிட்டு நடக்கிறார்.

சிரிப்பார்கள் என்று பயந்தவர், இப்போது லயத்துக்கு யார் விருந்தாளி வந்தாலும் அந்தக் கதையைத்தான் சொல்கிறார். துரைமாருக்கு மரம் காட்டிய கதை இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. போன லீவிலும் கேட்டேன். பக்கத்துக் காம்பரா அத்தை தன் சம்பந்திக்கு அம்மாவை அறிமுகப்படுத்தி, “இவளுக்குத்தான் ரப்பர் ஆகாது” என்று தொடங்கினார்.

“மலேசியா ரப்பர்” என்று திருத்தினார் அம்மா. “கொழும்புலேருந்து எனக்குன்னு தனியா உறை வந்துச்சு. அந்த ஆஸ்பத்திரியில அன்னைக்கி மொத ஆளு நாந்தான். எல்லாத்தயும் கண்டுபுடிச்சது யாருன்னு நெனைக்கிறீங்க?”

“யாரு?” என்று சம்பந்தி கேட்டார். அம்மா பதில் சொல்லாமல், தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்த என் பக்கம் கையை நீட்டினார்.